உபாத்தியும் உரிமைமகனும்: கலாத்தியர் நிருபத்தில் ஆன்மிக முதிர்ச்சி

முன்னுரை

இன்றைய துருக்கியின் நடுப்பகுதியில் விளங்கிய கலாத்தியாவின் திருச்சபைகளுக்குப் பவுல் கி.பி. முதல் நூற்றாண்டில் நிருபம் எழுதினார். யூதரல்லாத கிறிஸ்தவர்களும் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டும் என்ற வற்புறுத்தலே அதற்குக் காரணம். அதனை மறுக்கும் பவுல் நியாயப்பிரமாணத்தை இழித்துரைக்காமல், அதன் பணிக்குக் கால எல்லை வகுக்கிறார். அவ்வெல்லையை உணர்த்தும் உருவகத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

பைதகோகோஸ்

நிருபத்தின் 3:24இல் நியாயப்பிரமாணம் ‘பைதகோகோஸ்’ எனப்படுகிறது. புரொட்டஸ்டன்ட் திருச்சபைகளில் வழங்கும் தமிழ் வேதாகமம் இதனை ‘உபாத்தி’ என்று பெயர்த்துள்ளது. உபாத்தி பாடம் சொல்லும் ஆசிரியர். கிரேக்க, உரோமானியக் குடும்பங்களின் பைதகோகோஸோ சிறுவனைப் பள்ளிக்கு அழைத்துச் சென்று, அவன் நடத்தையைக் கண்காணித்த காவலர், பெரும்பாலும் அடிமை. சிறுவன் வளர்ந்ததும் அவர் பணி முடிந்துவிடும். ஆசிரியர்பால் கொண்ட மதிப்போ வாழ்நாள் முழுதும் தொடரும். ஆகவே, ‘உபாத்தி’ என்னும் சொல்லை மட்டும் கொண்டு படிப்போர், விதிகளின் கண்காணிப்பு என்றும் நீடிக்க வேண்டும் எனக் கருத இடமுண்டு. சொத்துக்கு உரியவனாயினும் சிறுவன் தந்தை குறித்த நாள்வரை காப்பாளருக்குக் கீழ்ப்பட்டவன் என 4:1-2 கூறுவது, மூலச்சொல்லின் கால எல்லையை உறுதிசெய்கிறது.

விடுதலையின் பொறுப்பு

கண்காணிப்பு நீங்கியபின் எஞ்சுவது யாது? அன்பினால் ஒருவருக்கொருவர் ஊழியம் செய்தல் என்கிறது 5:13. அங்கு வரும் கிரேக்க வினை அடிமையாய்ப் பணிபுரிதலைக் குறிப்பது. காவலரிடமிருந்து விடுபட்டவர், தம் விருப்பத்தால் பிறர்க்குப் பணியாளர் ஆகிறார்.

முடிவுரை

கண்காணிப்புக்கு அஞ்சி விதியைக் காப்பது சிறுவனின் நிலை; பிறர்நலம் கருதி நன்மையைத் தாமே தேர்வது முதிர்ந்தோரின் நிலை. பவுல் காட்டும் ஆன்மிக முதிர்ச்சி இதுவேயாகும்.