சூத்திரம் தெரியும், விசை தெரியாது

சரக்கு லாரியும் சின்னக் காரும் நேருக்கு நேர் மோதுகின்றன. லாரி காரின் மீது செலுத்தும் விசை அதிகமா, கார் லாரியின் மீது செலுத்தும் விசை அதிகமா? நியூட்டனின் மூன்றாம் விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கும் மாணவர்களில் பலர் யோசிக்காமல் “லாரிதான்” என்பார்கள். அந்த விதிப்படி இரண்டும் சமம். நிறை குறைவாக இருப்பதால் அதே விசைக்குக் காரின் வேகம்தான் சட்டென்று மாறுகிறது. காருக்குள் இருப்பவர்களுக்கு ஆபத்து கூடுவது அதனால்தான்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இப்ராஹிம் ஹலூனும் டேவிட் ஹெஸ்டனஸும் கணக்கே போடத் தேவையில்லாத இத்தகைய கேள்விகளைத் தேர்வாக்கி, 1985-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு பருவம் முழுக்க இயற்பியல் படித்த பிறகும் மாணவர்களின் பழைய எண்ணங்கள் பெரிதாக அசையவில்லை.

ஹார்வர்டில் மருத்துவம் படிக்கப் போகும் மாணவர்களுக்கு இயற்பியல் நடத்திவந்த எரிக் மஸூர், சில ஆண்டுகள் கழித்து இந்த முடிவுகளைப் படித்தார். மாணவர்களிடம் அவருக்கு நல்ல பெயர். தன் மாணவர்கள் அப்படி இல்லை என்றே நம்பினார். தேர்வை வைத்தபோது ஒரு மாணவி, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதுவதா, நான் நிஜமாக நினைப்பதை எழுதுவதா என்று கேட்டாராம். முடிவும் அந்தக் கேள்விக்கு ஏற்றபடியே இருந்தது. பிறகு மின்சுற்றில் இரண்டு கேள்விகள் கொடுத்துப் பார்த்தார். சமன்பாடுகளை எழுதித் தீர்க்கும் சிக்கலான கணக்கைப் போட்டுவிட்டவர்களில் பலர், சுவிட்சைப் போட்டால் எந்த பல்பு பிரகாசமாகும் என்ற எளிய கேள்வியில் தடுமாறினார்கள். நம் ஊர் ‘புக் பேக்’ கேள்விகளில் ஊறியவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

மஸூர் செய்த மாற்றம் எளிமையானது. பாடத்தை வீட்டிலேயே படித்துவிட்டு வர வேண்டும். வகுப்பில் சிறிது நேரம் விளக்கம், பிறகு ஒரு கேள்வி. ஓரிரு நிமிடம் ஒவ்வொருவரும் தனியாக யோசித்து விடையைத் தேர்ந்தெடுப்பார்கள். வேறு விடை சொன்ன பக்கத்து மாணவரோடு வாதாடிவிட்டு மறுபடி தேர்ந்தெடுப்பார்கள். முதல் சுற்றில் 30 சதவீதத்துக்கும் குறைவானவர்களே சரியாகச் சொன்னால் பாடத்தைத் திரும்ப நடத்துவார். 70-ஐத் தாண்டினால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்வார். இரண்டுக்கும் நடுவில் இருக்கும்போதுதான் அந்த வாதத்துக்குப் பலன். இப்போதுதான் புரிந்துகொண்ட மாணவருக்கு, எந்த இடத்தில் இடறினோம் என்பது நினைவிருக்கும். ஆசிரியர் அதைக் கடந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கும்.

கேள்வியைத் தயாரிப்பதில்தான் உழைப்பு அதிகம். தவறான விடைகள் ஒப்புக்குச் சேர்த்தவையாக இருக்கக் கூடாது. மாணவர்கள் நிஜமாகவே நம்பும் தவறுகளாக இருக்க வேண்டும். அதில்லாமல் வகுப்பைக் குழுவாகப் பிரித்துப் பேசவிட்டால் சத்தம்தான் மிஞ்சும்.

இதுபோன்ற முறைகளின் பலனை ரிச்சர்ட் ஹேக் என்ற ஆய்வாளர் 1998-இல் தொகுத்தார். 62 வகுப்புகள், 6,500-க்கும் மேற்பட்ட மாணவர்கள். தொடக்கத்தில் தெரியாதிருந்தவற்றில், விரிவுரை மட்டும் கேட்டவர்கள் சராசரியாக 23 சதவீதத்தைத் தெரிந்துகொண்டார்கள். மாணவர்களைப் பேசவும் யோசிக்கவும் வைத்த வகுப்புகளில் இது 48 சதவீதம். இங்கே ஒரு சந்தேகம் வரலாம்: கெட்டிக்கார மாணவர் சொல்வதை மற்றவர்கள் அப்படியே வாங்கிக்கொண்டிருக்கலாமே? கொலராடோ பல்கலைக்கழகத்தில் நடத்தி 2009-இல் வெளியான ஆய்வு இதைச் சோதித்தது. குழுவில் ஒருவருக்குக்கூட முதலில் விடை தெரியாதபோதும், பேசிய பிறகு அதே கருத்தைப் பற்றிய புதிய கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னவர்கள் கூடியிருந்தார்கள்.

இவ்வளவு இருந்தும் இந்த முறை எளிதில் பரவாததற்கு ஒரு காரணம் மாணவர்களே. ஹார்வர்டில் நடத்தி 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், இப்படிப் படித்தவர்கள் தேர்வில் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். ஆனால் தங்களுக்குக் குறைவாகவே புரிந்ததாக நினைத்தார்கள். தெளிவான விரிவுரையைக் கேட்கும் சுகம், எல்லாம் புரிந்துவிட்டது என்ற நினைப்பைத் தருகிறது.

ஆகவே ஆசிரியர்களே, அடுத்த வகுப்பில் ஒரே ஒரு கேள்வியோடு தொடங்கிப் பாருங்கள். கருவி எதுவும் வேண்டாம், கை தூக்கச் சொன்னால் போதும். “சார், நீங்களே சொல்லிடுங்களேன்” என்று முதல் வாரம் பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். அதைக் கேட்டுக் கைவிட்டுவிடாதீர்கள்.