விடியட்டும் என்று வைக்கக்கூடாத காய்ச்சல்

வன்னியும் வைத்தியமும் – 9

தடிமன் காய்ச்சலை வீட்டில் வைத்துப் பராமரிப்பது பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். ஓய்வு, கஞ்சி, மல்லித்தண்ணீர், நிறைக்கு ஏற்ற அளவில் பரசிற்றமோல். இன்புளுவென்சா வந்த பெரும்பாலானவர்களுக்கு இவ்வளவும் போதும். ஒரு வாரத்தில் எழும்பி நடமாடுவார்கள். இந்த வாரம் மீதிப் பேரைப் பற்றிப் பேச வேண்டும். உலகம் முழுவதும் ஆண்டுதோறும் 30 லட்சம் முதல் 50 லட்சம் பேர் வரை இந்தக் காய்ச்சலால் கடுமையாகப் பாதிக்கப்படுவதாகவும், மூச்சுத் தொகுதி பாதிப்பால் 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை இறப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. நேரத்தோடு வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தால் இவர்களில் பலரைக் காப்பாற்றலாம்.

அந்த நேரத்தைத்தான் ஒட்டுசுட்டானில் கவனமாகக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ34 வீதியின் நடுப்பகுதியில் இருக்கிறது ஊர். ஒரு பக்கம் போனால் மாங்குளம் ஆதார வைத்தியசாலை, மறுபக்கம் போனால் மாஞ்சோலையில் முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலை. சந்தியடியில் குடியிருப்பவருக்கு இது பெரிய பாடில்லை. முத்தையன்கட்டுக் குளத்துப் பக்கம் உட்காணிகளில் இருப்பவர்களோ முதலில் பிரதான வீதிக்கே வந்து சேர வேண்டும். மாரி மழை, சேற்றுப் பாதை, இரவில் யானைப் பயம். "பொறு, விடியட்டும், விடிஞ்சாப்போல கொண்டுபோவம்" என்று வீட்டில் சொல்வது நோயாளியில் அக்கறை இல்லாமல் அல்ல. ஆனால், சில அறிகுறிகள் தெரிந்த பிறகு விடியும்வரை பொறுப்பது உயிராபத்து. அவற்றை ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

முதலில் மூச்சு. காய்ச்சல் என்றதும் நெற்றியில் கை வைத்துச் சூட்டைப் பார்க்கிறோம். சூடு குறைந்தால் ஆறுதல், கூடினால் பதற்றம். ஆபத்தைச் சூட்டைவிட முந்திக் காட்டுவது பெரும்பாலும் மூச்சுத்தான். வைரசு நுரையீரலுக்குள் இறங்கினால் காற்றுப் பைகளில் அழற்சி வந்து நீர் கோர்க்கும்; இரத்தத்தில் ஒட்சிசன் குறையும்; அதை ஈடுகட்ட உடம்பு மூச்சை வேகப்படுத்தும். பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது, நித்திரையானால் இன்னும் நல்லது, சட்டையை மேலே தூக்கிவிட்டு நெஞ்சையும் வயிற்றையும் பாருங்கள். கைபேசியில் ஒரு முழு நிமிடம் வைத்து, வயிறு எத்தனை தரம் எழும்புகிறது என்று எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வேக மூச்சு. இரவானாலும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்குக் கீழே பள்ளம் விழுந்தால், மூக்கு விடைத்தால், முனகல் கேட்டால், எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம். உடனே புறப்படுங்கள்.

இதில் ஒரு தவறான ஆறுதலும் உண்டு. மணிக்கணக்காக இளைத்த பிள்ளை களைத்துப்போய், மூச்சு தணிந்து, சோர்ந்து படுக்கும். குணமாகிறது என்று வீட்டார் நினைத்துவிடுவார்கள். முகம் தெளிந்து, பிள்ளை பாலோ தண்ணீரோ கேட்டுக் குடித்தால்தான் குணம். சோர்வோடு மூச்சு தணிந்தால், அது கைமீறும் கட்டம்.

பெரியவர்களிடம் ஒரு வசனத்தைச் சொல்லச் சொல்லிப் பாருங்கள். இடையில் நிறுத்தி மூச்சு வாங்காமல் முடிக்க இயலவில்லை என்றாலோ, நெஞ்சில் விடாத நோவோ இறுக்கமோ இருந்தாலோ அது அவசரம். நீலம் பாரிப்பது எங்கள் தோல் நிறத்தில் முகத்தில் உடனே தெரியாது. உதட்டின் உட்புறத்தையும் நாக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள்.

இரண்டாவது, அறிவு. எழுப்பினால் எழும்பாத மயக்கம், வலிப்பு, ஆளை அடையாளம் தெரியாத தடுமாற்றம், எழுந்து நிற்க இயலாத பலவீனம். வயதானவர்களில் சூடு அதிகம் ஏறாமலே நோய் முற்றலாம். நேற்றுவரை தெளிவாகக் கதைத்த ஆச்சி இன்று மாறிமாறிப் பேசினால் அதை முதுமை என்று தள்ளிவிடாதீர்கள்.

மூன்றாவது, நீர். எட்டு மணி நேரமாகப் பிள்ளை சலம் போகவில்லை, வாய் காய்ந்திருக்கிறது, அழுதால் கண்ணீர் வரவில்லை, கொடுப்பதையெல்லாம் சத்தி எடுக்கிறது என்றால் வீட்டில் வைத்திருக்க முடியாது. மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு எந்தக் காய்ச்சலானாலும் அன்றே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

நான்காவது, திரும்பி வரும் காய்ச்சல். தணிந்து, இருமலும் குறைந்து, இரண்டொரு நாளில் மறுபடி கூடுதலாக அடித்தால், வைரசு புண்ணாக்கிய நுரையீரலில் பக்டீரியா புகுந்து நிமோனியா ஆகியிருக்கலாம். 1918ஆம் ஆண்டு இன்புளுவென்சாக் கொள்ளைநோயில் இலங்கையில் மட்டும் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தக் கொள்ளைநோயில் உலகெங்கும் மாண்டவர்களில் பெரும்பாலோரின் உயிரைப் பறித்தது இப்படித் தொடர்ந்து வந்த பக்டீரியா நிமோனியா. அன்று நுண்ணுயிர்க்கொல்லி இருக்கவில்லை. இன்று இருக்கிறது; ஆனால், நாங்கள் போய்ச் சேர வேண்டும்.

இந்த அறிகுறிகள் வரும்வரை காத்திருக்கக் கூடாதவர்களும் இருக்கிறார்கள்: கர்ப்பிணிகள், பிள்ளை பெற்று இரண்டு கிழமை ஆகாத தாய்மார், இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள், 65 வயதைக் கடந்தவர்கள், நீரிழிவு, ஆஸ்துமா, இருதய, சிறுநீரக நோய்க்குக் கிளினிக் போகிறவர்கள். வன்னியில் இன்னும் இரு சாராரைச் சேர்க்க வேண்டும். போரில் நெஞ்சில் காயப்பட்டு நுரையீரல் பாதிக்கப்பட்டவர்கள். முள்ளந்தண்டு வடத்தில் காயப்பட்டுப் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் வாழ்கிறவர்கள். பின்னவர்களில் பலருக்குச் சளியை இருமித் தள்ளும் பலமே குறைவு. இவர்களுக்குத் தடிமன் காய்ச்சல் கடுமையாகத் தொடங்கினால் முதல் நாளே வைத்தியரிடம் போக வேண்டும். இன்புளுவென்சாவுக்கான ஒசெல்டமிவிர் மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும்.

"இது வெறும் தடிமன் காய்ச்சல்தானா, டெங்குவா, எலிக்காய்ச்சலா" என்று கேட்பீர்கள். இலங்கையில் இன்புளுவென்சா சித்திரை முதல் ஆனி வரையும், கார்த்திகை முதல் தை வரையும் கூடும். இரண்டாவது காலத்தில்தான் வடக்கில் மழை, காலபோக வயல் வேலை, டெங்கு, எலிக்காய்ச்சல் எல்லாம் சேர்ந்து வருகின்றன. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலோடு மூச்சுத்திணறி அடுத்தடுத்துப் பலர் இறந்தபோது மர்மக் காய்ச்சல் என்றே ஊர் பேசியது. பரிசோதனையில் அது எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. 2018 மே மாதம் தென் மாகாணத்தில் பல பிள்ளைகளின் உயிரைக் குடித்த காய்ச்சலுக்குப் பின்னால் இன்புளுவென்சா இருந்தது. இரண்டு இடத்திலும் உயிரைப் பறித்தது சுவாசப் பாதிப்பு.

நோயின் பெயரைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு உங்களுடையதல்ல. அதற்கு இரத்தப் பரிசோதனையும் வைத்தியரும் இருக்கிறார்கள். வயலில் இறங்கியவரா, கெண்டைக்கால் உளைகிறதா, கண் சிவந்திருக்கிறதா, காய்ச்சல் எத்தனையாம் நாள் என்பதை அங்கே மறக்காமல் சொல்லுங்கள். காய்ச்சலுக்கு டைக்லோபெனாக், ஐபுபுரோபன், அஸ்பிரின் வேண்டாம். டெங்குவாக இருந்தால் இரத்தப்போக்கை உண்டாக்கும். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரமே ஆபத்தான நேரம் என்பதையும் மறக்காதீர்கள்.

புறப்படுவது எப்படி? 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். 2018 யூலையில் வட மாகாணத்துக்கும் இந்தச் சேவை வந்தது. ஒட்சிசனும் பயிற்சி பெற்ற உதவியாளரும் அதிலேயே வருவதால், சிகிச்சை வழியிலேயே தொடங்கிவிடும். அழைக்கும்போது சந்தி, குளக்கட்டு, பள்ளிக்கூடம், கோயில் என்று அடையாளத்தோடு இடத்தைச் சொல்லுங்கள். ஒருவர் ரோர்ச்சோடு வீதியில் நிற்கட்டும். தாமதமாகும் என்றால் கிடைக்கும் ஓட்டோவிலோ வானிலோ எதிரே கொண்டுபோங்கள். மயங்கிய ஆளை மோட்டார் சைக்கிளில் இருவருக்கு நடுவே இருத்திக் கொண்டுபோவது வேண்டாம்: தலை சரிந்து மூச்சுப்பாதை அடைபடும். மூச்சு வாங்குகிறவரைப் படுக்க வைக்காமல் சாய்த்து இருத்துங்கள். கிளினிக் கொப்பியையும் குடிக்கும் மருந்துகளையும் கையோடு எடுங்கள்.

இரவில் போய், ஒன்றுமில்லை என்று வைத்தியர் திருப்பி அனுப்பினால், அது வீண் அலைச்சல் அல்ல. அந்தப் பயணத்தில் நல்ல செய்தி கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஓட்டோ வைத்திருக்கும் அயலவரின் இலக்கத்தை இன்றே எழுதிக் கதவருகில் ஒட்டுங்கள். தனியே இருக்கும் முதியவர் வீட்டில் எவர் எட்டிப் பார்ப்பது என்பதையும் அயலோடு பேசி முடிவெடுங்கள். காய்ச்சல் வந்த இரவில் யோசிக்க நேரம் இராது.

(அடுத்த வாரம்: வயலில் இறங்குமுன் – எலிக்காய்ச்சல் தடுப்பு மருந்து)