உங்களுக்குத் தெரியுமா? வெளிநாட்டு விருந்தில் கவனிக்க வேண்டியவை

• வளைகுடா நாடுகள்: விருந்தினருக்கு முதலில் வருவது ஏலக்காய் மணக்கும் காவா என்னும் அரபுக் காபி. கைப்பிடியில்லாத சின்னக் கோப்பையில் கொஞ்சமாகத்தான் ஊற்றுவார்கள். அதை வலக்கையால் வாங்க வேண்டும். காலிக் கோப்பையை நீட்டினால் மறுபடியும் நிரப்புவார்கள். போதுமென்றால் வாய் திறக்க வேண்டாம். கோப்பையை இலேசாக ஆட்டிவிட்டுக் கொடுத்தாலே புரிந்துகொள்வார்கள். இந்த உபசரிப்பு 2015இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பிடித்தது.

• ஜப்பான்: சோற்றில் சாப்பிடும் குச்சிகளைச் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள், இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படி வைப்பார்கள். ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றுவதும் ஆகாது. தகனத்துக்குப் பின் எலும்புகளை அப்படித்தான் கைமாற்றி எடுக்கிறார்கள். ஆனால் நூடுல்ஸை 'சர்ர்' என்று உறிஞ்சலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். டிப்ஸ் வைக்கும் வழக்கமும் அங்கே இல்லை.

• எத்தியோப்பியா: பெரிய தட்டில் விரித்த இஞ்செரா என்னும் அப்பத்தை எல்லோரும் சேர்ந்து கையால் பிட்டுச் சாப்பிடுவார்கள். வீட்டுக்காரர் ஒரு கவளம் உருட்டி உங்கள் வாயிலேயே ஊட்டக்கூடும். அது அன்பின், மரியாதையின் அடையாளம், மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். சம்பிரதாயமான காபி மூன்று சுற்று வரும். பாதியில் எழுந்து போவது அழகல்ல.

• தென்கொரியா: பந்தியில் மூத்தவர் கரண்டியைத் தொட்ட பிறகே மற்றவர்கள் தொடங்குவார்கள். பெரியவர் ஊற்றிக் கொடுக்கும் பானத்தை இரண்டு கைகளாலும் வாங்க வேண்டும். மதுவானால், முகத்தைச் சற்றே திருப்பிக்கொண்டு குடிப்பது மரியாதை.