ஆழ்கடலில் 60 சென்ரிமீற்றர்

2004 டிசெம்பர் 26 காலை முல்லைத்தீவை அழித்த ஆழிப்பேரலை, நடுக்கடலில் இடுப்பளவு உயரம்கூட இல்லை. சுமாத்திரா நிலநடுக்கம் நிகழ்ந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில், ஜேசன்-1 செய்மதி இந்து சமுத்திரத்தைத் தற்செயலாகக் கடந்தது. அது அளந்த அலை உயரம் ஏறக்குறைய 60 சென்ரிமீற்றர். அலையின் நீளமோ நூற்றுக்கணக்கான கிலோமீற்றர். அதன்மேல் நின்ற கப்பலுக்கு எதுவும் தெரிந்திருக்காது.

1336 கிலோமீற்றர் உயரத்திலிருந்து ஜேசன்-1 அனுப்பிய ராடார் துடிப்பு, நீரில் பட்டுத் திரும்ப ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அந்த நேரத்தை வைத்தே கடல்மட்டத்தைச் சில சென்ரிமீற்றர் துல்லியத்தில் கணித்தார்கள். ஆனால் அன்று தரவைப் பிரித்துப் பார்க்கப் பல மணி நேரம் பிடித்தது. எச்சரிக்கைக்கு அது உதவவில்லை. இன்று ஆழ்கடல் தரையில் வைத்த அழுத்த உணரிகள் மேலுள்ள நீரின் பாரத்தை அளந்து, மிதவை வழியாக உடனே செய்தி அனுப்புகின்றன.

கரையோரத்தில் நிலத்தின் எதிரொலி கலந்து செய்மதி தடுமாறும். அங்கே திருகோணமலையில் உள்ளது போன்ற துறைமுக அளவிகள்தான் கைகொடுக்கும்.

ஆழிப்பேரலை இல்லாத நாட்களில், பறுவத்திலும் அமாவாசையிலும்கூட முல்லைத்தீவுக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் ஒரு மீற்றர் வித்தியாசம் இராது. அங்குள்ள கடனீரேரியான நந்திக்கடலின் மட்டத்தை, அதைவிட, மாரிமழையும் கடலோடு இணைக்கும் தொடுவாய் திறந்திருக்கிறதா என்பதுமே தீர்மானிக்கின்றன.