குழந்தைகளுக்கு வரும் ‘குடல் செருகல்’... ரோட்டா சொட்டு மருந்துக்கு முன்பே வேலூரில் கணக்கெடுத்தது ஏன்?

நல்லா விளையாடிட்டு இருந்த 6 மாசக் குழந்தை திடீர்னு வீறிட்டு அழுகிறது. காலை வயிற்றோடு மடக்கிக்கொள்கிறது. சில நிமிடத்தில் அடங்கி, மறுபடியும் அதே அழுகை. ‘உரம் விழுந்திருக்கும்’ என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால் கூடவே பச்சையாக வாந்தி, மலத்தில் ரத்தமும் சளியும் இருந்தால் உரம் எடுக்கப் போகக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போகணும்.

குடல் செருகல்னா என்ன?

சட்டைக் கையை உள்பக்கமாக மடித்துவிடுவது போல, குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துகொள்ளும். பாதை அடைபடும், ரத்த ஓட்டம் குறையும். சீக்கிரம் ஸ்கேனில் கண்டுபிடித்தால் ஆசனவாய் வழியாகக் காற்றோ உப்புநீரோ செலுத்தியே சரிசெய்ய முடியும். தாமதமானால் அறுவை சிகிச்சைதான்.

தடுப்பு மருந்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

அமெரிக்காவில் 1998-ல் வந்த ‘ரோட்டாஷீல்டு’ மருந்து, சுமார் 10,000 குழந்தைகளில் ஒருவருக்கு இந்தப் பிரச்சினையை உண்டாக்கியது தெரிந்து 1999-லேயே திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவிலோ ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கால் ஆண்டுக்குச் சுமார் 78 ஆயிரம் குழந்தைகள் இறப்பதாக மதிப்பிடப்பட்டது. மருந்தைக் கொடுக்காமலும் இருக்க முடியாது.

சிக்கல் என்னன்னா, மருந்தே போடாத குழந்தைக்கும் குடல் செருகல் வரும். வழக்கமாக எத்தனை பேருக்கு வரும்னு முன்பே தெரியாவிட்டால், பிறகு மருந்தைக் குற்றம் சொல்லவும் முடியாது, காப்பாற்றவும் முடியாது.

வேலூரில் நடந்தது

பாகாயத்தில் மருத்துவக் கல்லூரி வளாகமும் சமூக நல மருத்துவமனையும் வைத்திருக்கும் சி.எம்.சி., இந்தியாவின் ‘ரோட்டாவேக்’ மருந்து சோதனையில் ஒரு மையம். டெல்லி, புனே, வேலூர் மூன்றிலும் சேர்த்து 6,799 குழந்தைகள். லேசான சந்தேகம் வந்தாலே ஸ்கேன் எடுத்தார்கள். 2014-ல் வெளியான முடிவில், மருந்து பெற்றவர்களில் 6 பேருக்கும் பெறாதவர்களில் 2 பேருக்கும் குடல் செருகல். எல்லாமே மூன்றாவது தவணைக்குப் பிறகு வந்தவை. மருந்து பெற்ற குழுவே இரண்டு மடங்கு பெரியது என்பதால் 6-ஐயும் 2-ஐயும் அப்படியே ஒப்பிடக் கூடாது. இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் எந்த முடிவுக்கும் வர முடியாது.

வேலூர் மையத்தின் எண்களைத் தனியாகக் கொடுங்கள் என்று கேட்டு விவகாரம் நீதிமன்றம் வரை போனது. கேட்டதில் தப்பில்லை, நம்ம ஊர்க் குழந்தைகளின் கணக்குதானே அது.

பிறகு என்ன தெரிந்தது?

2016-ல் நான்கு மாநிலங்களிலும் 2017-ல் தமிழ்நாட்டிலும் அரசுத் திட்டத்தில் மருந்து வந்தது. கூடவே 27 மருத்துவமனைகளில் கண்காணிப்பு. தவணை கொடுத்த பிறகான 21 நாட்களையும், அதே குழந்தையின் மற்ற நாட்களையும் ஒப்பிட்டார்கள். 2020-ல் வெளியான முடிவு: அந்த நாட்களில் குடல் செருகல் கூடவில்லை.

இப்போது 6, 10, 14-வது வாரங்களில் இந்தச் சொட்டு மருந்து அரசு மையங்களில் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது.