குறுக்குவில் வேட்டை: அம்பின் எடையும் முனையும்

துப்பாக்கிக் குண்டு பாயும்போது உடலுக்குள் ஏற்படும் அதிர்ச்சியே பெரும் சேதம் செய்துவிடும். அம்புக்கு அந்த வசதி இல்லை. அது அறுத்துத்தான் கொல்ல வேண்டும். கூரான முனை ஒரு மானின் இரண்டு நுரையீரல்களையும் அறுத்துக்கொண்டு மறுபுறம் வெளியேறினால், ரத்த அழுத்தம் சரிந்து சில நொடிகளில் மான் விழுந்துவிடும். அறுப்பு அரைகுறையாக நின்றால், அதே மான் காட்டுக்குள் ஓடி மணிக்கணக்கில் வதைபடும். குறுக்குவில்லுக்கு எந்த அம்பு, எந்த முனை என்ற கேள்வியை இந்த வேறுபாட்டை மனதில் வைத்துத்தான் கேட்க வேண்டும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் வெள்ளைவால் மான் வேட்டைக்குக் குறுக்குவில் இன்று பரவலான கருவி. விஸ்கான்சின் மாநிலம் 2014இல் அதற்கென்றே தனிப் பருவம் திறந்தது. கடைக்குப் போனால் விற்பனையாளர் முதலில் சொல்வது வேகத்தைத்தான்: நொடிக்கு 400 அடி, 450 அடி என்று. பெட்டியில் அச்சிட்டிருக்கும் அந்த வேகம் பெரும்பாலும் எடை குறைந்த அம்பை வைத்து அளந்தது. நீங்கள் வேட்டைக்கு எடுத்துப் போகும் அம்பு அந்த வேகத்தில் பறக்காது. பறக்க வேண்டிய தேவையும் இல்லை.

அம்பின் எடையைக் கிரெய்ன் என்ற அலகில் சொல்வார்கள். ஒரு கிராம் என்பது ஏறக்குறைய 15.4 கிரெய்ன். தண்டு, இறகு, பின்முனையில் நாண் பொருந்தும் நாக், முன்னால் திருகும் முனை எல்லாம் சேர்ந்ததுதான் அம்பின் மொத்த எடை. 400 கிரெய்ன் அம்பு 26 கிராம்தான் இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 400 கிரெய்ன் அம்பை நொடிக்கு 400 அடி வேகத்தில் விடும் வில், 450 கிரெய்ன் அம்பைச் சுமார் 380 அடி வேகத்தில் விடும். இயக்க ஆற்றல் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: 142, 144 அடி-பவுண்டு. உந்தமோ கனமான அம்பில் 7 சதவீதம் கூடுகிறது. தோல், விலா, தசை என்று தடை வரும்போது அம்பை நிற்கவிடாமல் தள்ளிக்கொண்டு போவது அந்த உந்தம்தான்.

இதற்கு ஈடாக நாம் இழப்பது என்ன? 30 கெஜம், அதாவது 90 அடி தூரத்துக்கு இலகு அம்பு 0.225 நொடியில் போகும், கனமானது 0.237 நொடியில் போகும். காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால் கனமான அம்பு ஓர் அங்குலம்தான் கூடுதலாகத் தாழும். வில்லில் பொருத்திய குறிநோக்கியைத் திருத்திக்கொண்டால் அதுவும் சரியாகிவிடும். 50 கெஜத்தில் இந்த வித்தியாசம் மூன்று அங்குலம் ஆகிறது. தூரத்தைத் தவறாக மதிப்பிட்டால் அங்கே அது உதைக்கும். மானைப் பொறுத்தவரை தூரத்தை நீட்டுவதே தவறு என்பது என் கருத்து. ஒலி நொடிக்கு 1,100 அடிக்கு மேல் போகிறது. 30 கெஜத்தில் நாணின் ஓசை மானின் காதை 0.08 நொடியில் எட்டிவிடும். பதறிய மான் பாய்வதற்காக உடலைத் தாழ்த்தும். நுரையீரலுக்குக் குறிவைத்த அம்பு முதுகுக்கு மேலே போய்விடும். அம்பு நொடியில் நூறில் ஒரு பங்கு முந்திப் போவதால் இதைத் தடுக்க முடியாது. கனமான அம்பு வில்லின் ஆற்றலைக் கூடுதலாக வாங்கிக்கொள்வதால் வில்லின் ஓசை குறையும். அது உண்மையான பயன்.

வெள்ளைவால் மானுக்கு 400 முதல் 475 கிரெய்ன் வரை நான் பரிந்துரைப்பேன். பெரிய எலும்புகளைத் துளைக்க வேண்டிய வேட்டை வேறு கதை. 1980களில் தென்னாப்பிரிக்காவின் நடாலில் அம்புகள் பற்றிய ஆய்வைத் தொடங்கிய எட் ஆஷ்பி, கனத்த எலும்பை உடைக்க 650 கிரெய்ன் வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். மானுக்கு அவ்வளவு தேவைப்படாது.

மேல்வரம்பில் விருப்பம்போல் ஏறலாம். கீழ்வரம்பில் விளையாடக் கூடாது. ஒவ்வொரு வில்லுக்கும் தயாரிப்பாளர் ஒரு குறைந்தபட்ச அம்பு எடையைக் குறித்திருப்பார். அதற்குக் கீழே போனால், அம்பே வைக்காமல் வெறும் நாணை விட்டதுபோல வில்லின் கைகளுக்கு அடி விழும். கை பிளக்கலாம், நாண் அறுந்து முகத்தில் பாயலாம். நாக் விஷயமும் இப்படித்தான். தட்டை, அரைநிலா, நாணைக் கவ்வும் வகை என்று பல உண்டு. உங்கள் வில்லுக்குக் குறித்த வகையை மாற்றினால் நாண் அம்பின் மேலோ கீழோ வழுக்கிப் போகும் ஆபத்து இருக்கிறது.

எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். அம்பை விரலில் நிறுத்திச் சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடியுங்கள். 20 அங்குல அம்பு பின்முனையிலிருந்து 13 அங்குலத்தில் நின்றால், நடுப்புள்ளியைத் தாண்டி மூன்று அங்குலம், அதாவது 15 சதவீதம் முன்கனம். 12 முதல் 18 வரை நல்லது. 100 கிரெய்ன் முனையை 125 ஆக மாற்றினாலே முன்கனம் கூடிவிடும்.

இனி முனை. பிராட்ஹெட் எனப்படும் இந்த அலகுமுனையில் இரண்டு பெரும் வகைகள். நிலையான அலகு கொண்டது ஒன்று. அறுக்கும் அகலம் பெரும்பாலும் 1 முதல் 1¼ அங்குலம். பறக்கும்போது மடங்கியிருந்து உடலில் பட்டதும் விரிவது மற்றொன்று. 1½ முதல் 2 அங்குலத்துக்கு மேலும் அறுக்கும். விரியும் முனையின் காயம் பெரிது, ரத்தத் தடம் தெளிவாக இருக்கும். ஆனால் விரிவதற்கும் அகலமாக அறுப்பதற்கும் ஆற்றல் செலவாகும், சாய்வாகப் பட்டால் வழுக்கவும் கூடும். குறுக்குவில்லின் உதைப்பில் அலகுகள் முன்கூட்டியே திறந்துகொள்ளும் அபாயமும் இருப்பதால், குறுக்குவில்லுக்கென்று செய்தவற்றையே வாங்க வேண்டும்.

நிலையான முனையில் அசையும் பாகமே இல்லை, பழுதாக ஏதுமில்லை. அதன் குறை வேறு: அம்பின் முன்னால் இருக்கும் அலகுகள் இறக்கைபோலக் காற்றைப் பிடித்து, மிகுந்த வேகத்தில் அம்பைத் திசைதிருப்பும். கனமான, சற்று மெதுவான அம்பில் இந்தத் தொல்லை குறையும். எனக்கு நிலையான முனைதான் பிடிக்கும்; உங்கள் வில்லில் அது குறிதவறினால் விரியும் முனைக்குத் தயங்காமல் மாறுங்கள். குறியில் படாத முனை எவ்வளவு உறுதியாக இருந்தும் பயனில்லை.

அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி எய்து பார்ப்பதுதான். பயிற்சி முனையில் மூன்று அம்பு, அதே எடையுள்ள அலகுமுனையில் மூன்று அம்பு, 20, 30, 40 கெஜங்களில். இரண்டும் ஒரே இடத்தில் பட வேண்டும். துணிமூட்டை இலக்கை அலகு கிழித்துவிடும். அடர்ந்த நுரை இலக்கு தேவை. எய்வதற்கு முன் அம்பைச் சுழற்றிப் பாருங்கள். முனை ஆடினால் அது நேராகப் பொருந்தவில்லை.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நியூயார்க்கில் முனையின் அகலம் குறைந்தது 7/8 அங்குலம் இருக்க வேண்டும். ஓரிகனில் குறுக்குவில் வேட்டைக்கே அனுமதி இல்லை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம்.

இன்னொன்று. சோதனைக்கு எய்த முனை நுரையில் உரசி மழுங்கியிருக்கும். இழுத்துப் பிடித்த ரப்பர் வளையத்தின்மேல் அலகை மெல்ல வைத்துப் பாருங்கள். உடனே அறுபடாவிட்டால் தீட்டுங்கள், அல்லது புது அலகு மாட்டுங்கள். மழுங்கிய முனையோடு காட்டுக்குப் போகாதீர்கள்.