சம்பளச் சீட்டும் அறிவிப்புப் பலகையும்: புதிய சட்டம் கடைக்காரரிடம் கேட்பது என்ன?

"ஆட்களுக்கு என்ன சம்பளம் என்று கடையில் எழுதித் தொங்கவிட வேண்டுமாமே, உண்மையா?" என்று உறுப்பினர்கள் பலர் கேட்டு வருகிறார்கள். உண்மைதான். ஆனால் கடைவீதியில் பேசிக்கொள்வதுபோல் ஒவ்வொருவர் பெயரையும் போட்டு, எதிரே சம்பளத்தை எழுதும்படி சட்டம் சொல்லவில்லை. என்ன சொல்லியிருக்கிறது என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

பாராளுமன்றம் 2019இல் நிறைவேற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. 1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், 1948இன் குறைந்தபட்ச ஊதியச் சட்டம், 1965இன் போனஸ் சட்டம், 1976இன் சம ஊதியச் சட்டம் ஆகிய நான்கும் இதற்குள் அடங்கிவிட்டன. "நம்மிடம் இரண்டே பையன்கள்தானே, இது மில்காரர்களுக்குத்தான்" என்று நினைப்பவர்கள் உண்டு. வியாபாரம் நடக்கும் எந்த இடமும் இதில் அடக்கம். போனஸ் பகுதிக்கு மட்டும்தான் 20 பேர் என்ற கணக்கு உண்டு. ஐந்து பேர் வரை வைத்திருப்போருக்குப் பதிவேட்டிலிருந்து விலக்கு என்று சிலர் சொல்வது விவசாய வேலைக்கும் வீட்டு வேலைக்கும் உரிய விலக்கு. கடைக்கு அது கிடையாது.

சட்டத்தின் 50ஆவது பிரிவு மூன்று காரியங்களைக் கேட்கிறது. பணியாளர் விவரம், வருகை, ஊதியம் அடங்கிய பதிவேடு வேண்டும், கம்ப்யூட்டரிலும் வைத்துக்கொள்ளலாம். ஊதியம் கொடுக்கும்போது சம்பளச் சீட்டும் கொடுக்க வேண்டும். மூன்றாவதுதான் நம்மவர்களைக் கலங்க வைத்த அறிவிப்புப் பலகை. அதில் சட்டத்தின் சுருக்கம், வேலை வகைவாரியான ஊதிய விகிதம், சம்பளம் தரும் நாளும் நேரமும், நம் பகுதி ஆய்வாளரின் பெயர், முகவரி ஆகியவை இருக்க வேண்டும். எடை போடுபவருக்கு இவ்வளவு, கணக்கு எழுதுபவருக்கு இவ்வளவு என்று வகைக்கு ஒரு வரி எழுதினால் போதும். முக்கியமான இடத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் விதி. ஆட்கள் வந்துபோகிற இடத்தில் மாட்டுவதே பொருத்தம் என்பது நம் கருத்து.

வெளிநாடுகளில் இது இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் போட்ட உத்தரவின்படி, வேலைக்கு வருகிறவரிடம் சம்பள அளவை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பழைய முதலாளி என்ன கொடுத்தார் என்று கேட்கவும் கூடாது. உறுப்பு நாடுகளுக்கு 2026 ஜூன் 7 வரை அவகாசம் தரப்பட்டது. 'ஆள் தேவை' அட்டையில் சம்பளத்தை எழுது என்று நம் சட்டம் சொல்லவில்லை. எழுதினால் வீண் பேரம் குறையும் என்பது வேறு விஷயம்.

பலகையைவிட முக்கியமானது சம்பளச் சீட்டு. நம்மவர்கள் அதற்கு அவ்வளவு கவனம் தருவதில்லை. ஒரு மூட்டை துவரம்பருப்பு பில் இல்லாமல் வந்தால் இறக்க விடமாட்டோம். மாதாமாதம் போகிற சம்பளத்துக்கு மட்டும் ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். பையன் தங்கை கல்யாணத்துக்கு 20,000 ரூபாய் முன்பணம் வாங்குகிறான். மாதம் 2,000 பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுக்கிறோம். பிடித்த தொகை நம் கைநோட்டில்தான் இருக்கும், அதுவும் பென்சிலில். பிறகு அவன் வேலையை விட்டுப் போய், சம்பளம் குறைத்துக் கொடுத்தார்கள் என்று மனுக் கொடுக்கிறான். அதற்கு மூன்று வருடம் வரை அவகாசம் உண்டு. கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு 59ஆவது பிரிவின்படி நம் தலையில்தான். கோரிய தொகை சரி என்று அதிகாரி தீர்மானித்தால், அதற்கு மேலும் பத்து மடங்கு வரை நஷ்டஈடு போட அவருக்கு அதிகாரம் இருக்கிறது. 20,000 ரூபாய் வழக்கு 2,20,000 வரை போகலாம். நியாயமாக நடந்தவரும் காகிதம் இல்லாததால் மாட்டிக்கொள்வார். முன்பணம், பிடித்தம், கையில் தந்தது எல்லாம் காட்டி ஒரு சீட்டு கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

பிடித்தம் எல்லாம் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. எண்ணெய் டின் சாய்ந்தது, கல்லாவில் குறைந்தது என்று பிடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தப் பொருளோ பணமோ அவர் பொறுப்பில் ஒப்படைத்ததாக இருக்க வேண்டும், அவருடைய கவனக்குறைவே காரணமாக இருக்க வேண்டும், அவர் பக்கத்தைக் கேட்ட பிறகே பிடிக்க வேண்டும். எலி கடித்த மூட்டைக்குப் பையனிடம் பிடிக்க வழியில்லை.

சாப்பாடு போட்டு வைத்திருக்கும் கடைகள் நம்மில் நிறைய. சம்பளத்துக்குப் பதிலாகப் பொருளாகவோ உணவாகவோ தருவதை மொத்த ஊதியத்தில் 15 சதவீதம் வரைதான் ஊதியமாக எண்ணுவார்கள். 15,000 ரூபாய் ஊதியம் என்றால் சாப்பாட்டுக் கணக்கு 2,250 வரைதான் செல்லும். மீதி பணமாகப் போக வேண்டும். பலகையில் எழுதும் விகிதம் அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே இருக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. பஞ்சப்படி ஏறும்போது பலகையிலும் மாற்ற வேண்டும்.

பலகை எழுதும்போது இன்னொரு சங்கடம் வெளிப்படும். மிளகாய்க் காம்பு கிள்ளவும், பருப்புப் புடைக்கவும், பாக்கெட் போடவும் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்பது மண்டிகளில் நெடுநாளைய வழக்கம். ஒரே வேலைக்கு அப்படி இரண்டு வரி எழுத முடியாது. மூட்டை தூக்குவது வேறு வேலை, அதற்கு வேறு கூலி இருக்கலாம். சமமாக்குகிறேன் என்று ஆண்களின் கூலியைக் குறைக்கவும் சட்டம் இடம் தரவில்லை. பெண்களின் கூலியை உயர்த்துவதுதான் வழி. இதில் செலவு கூடும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பக்கத்து மண்டி என்ன கொடுக்கிறது என்று அந்தப் பெண்களுக்குப் பலகை வராமலே தெரியும்.

சீட்டு தராததற்கும் பலகை வைக்காததற்கும் 20,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. வழக்குப் போடுமுன் சரிசெய்துகொள்ள ஆய்வாளர் எழுத்தில் அவகாசம் தர வேண்டும். ஐந்து வருடத்துக்குள் மறுபடியும் அதே தவறு நடந்தால் அந்தச் சலுகை இல்லை. ஊதியத்தையே குறைத்துக் கொடுத்தால் அபராதம் 50,000 வரை போகும்.

மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும். நாம் நிறுத்தினாலும், அவராகவே விலகினாலும் இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்கை முடிக்க வேண்டும். தீபாவளிக்கு ஊருக்குப் போன பையன் அங்கிருந்தே போனில் 'இனி வரவில்லை அண்ணாச்சி' என்று சொன்னாலும் இதே கணக்குத்தான். பாக்கியை அவன் வங்கிக் கணக்கில் போட்டு, கடைசிச் சீட்டின் நகலைப் பதிவேட்டோடு சேர்த்து வையுங்கள்.